ஐந்து மணி நேரத் தொலைவு

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன். 

கடந்த ஷஃபான் மாதத்தில் ஒரு மாலை. மங்கலம்பேட்டையில் எங்கள் மதரஸாவில் பாடம் முடிந்து பிள்ளைகள் பலகைகளை அடுக்கிவைத்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் வாசலிலேயே நின்றான். அவனுடைய தந்தை ரியாதில் வேலை செய்கிறார். அழைத்துப்போக வந்திருந்த தாயாரின் கைப்பேசியை வாங்கி, அதில் எதையோ பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

“ஹஜ்ரத், மெட்ராஸ்லருந்து ரியாத் 3,750 கிலோமீட்டராம். ஃபிளைட்ல அஞ்சு மணி நேரந்தானாம். நம்ம ஊர்லருந்து மெட்ராஸுக்கு பஸ்ல போறதுக்கே அஞ்சு மணி நேரம் ஆகுது. அப்ப ரியாத் பக்கந்தானே?”

“ஆமாம்ப்பா” என்றேன்.

“பக்கத்துல இருக்குற அத்தா ஏன் ரெண்டு வருசமா வரல?”

தினமும் எத்தனையோ மஸ்அலாக்களுக்குப் பதில் சொல்லிப் பழகிய நாவு அந்த நேரத்தில் ஓடவில்லை. “இன்ஷா அல்லாஹ், வந்துடுவாங்க” என்று தலையைத் தடவி அனுப்பிவைத்தேன். அது பதில் அன்று என்பது எனக்கும் தெரியும்; அவன் முகத்தைப் பார்த்தால் அவனுக்கும் தெரிந்திருந்தது. 2012 முதல் என் நெஞ்சில் கிடக்கும் ஒரு கேள்வியும் ஏறத்தாழ அதே கேள்விதான். அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்தச் சிறுவன் திரையில் பார்த்த எண்கள் எப்படி வருகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரு நகரங்களுக்கு இடையிலான வான்வழித் தூரம் என்று காட்டப்படுவது, பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் எவ்வளவு நீளம் வருமோ அந்த நீளம். மதரஸாவில் பெரிய மாணவர்களுக்குக் கிப்லாவின் திசையைக் கற்பிக்கும்போது நான் கையாள்வதும் அதே நூல்தான். தட்டையான வரைபடத்தில் பார்ப்பதைவிட உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பார்த்தால்தான், நம் ஊரிலிருந்து கஅபா நேர் மேற்கில் இல்லை, மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்திருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெளிவாகப் புரியும். அதே நூற்கணக்கின்படி சென்னையிலிருந்து துபாய் ஏறக்குறைய 2,930 கிலோமீட்டர்; ரியாத் 3,750; ஜித்தா 4,440.

விமானம் நூல் பிடித்தாற்போல் பறப்பதில்லை. வான்வெளியிலும் வகுக்கப்பட்ட பாதைகள் உண்டு. அவற்றை ஒட்டி வளைந்து செல்லவேண்டும். உயரத்தில் மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வரை வேகம் இருக்கும் என்றாலும், ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதற்கும் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனி நேரம் பிடிக்கும். இங்கிருந்து மேற்கே போகும்போது ஆகும் நேரம் அங்கிருந்து திரும்பும்போது பெரும்பாலும் சற்றுக் குறைகிறது. குளிர்காலத்தில் மேலடுக்கில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் கடுங்காற்று, போகையில் எதிர்க்கும். வருகையில் பின்னிருந்து தள்ளும். இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சிறுவன் சொன்ன ஐந்து மணி நேரம். சில நாள் அதற்குச் சற்று மேலும் ஆகும்.

ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தில் வீடு இல்லை. நம் ஊரிலிருந்து உளுந்தூர்பேட்டை சென்று நெடுஞ்சாலையைப் பிடித்துச் சென்னை விமான நிலையத்தை அடைய ஏறக்குறைய 200 கிலோமீட்டர். திருச்சி விமான நிலையம் அதைவிட அருகில்தான்; ஆயினும் எல்லா நாட்டுக்கும் அங்கிருந்து நேர் விமானம் இல்லை. புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பே போய் நிற்கவேண்டும். அந்தப் பக்கம் இறங்கியபின் குடியுரிமைச் சோதனை வரிசை, பெட்டிக்கான காத்திருப்பு, பிறகு நகரத்துக்கு வெளியே இருக்கும் தங்குமிடம். வீட்டு வாசலிலிருந்து அறை வாசல்வரை கணக்கிட்டால் பதினைந்து மணி நேரத்துக்குக் குறைவாகப் போய்ச் சேர்ந்தவர்களை நான் கண்டதில்லை. இதுவும் விடுப்பும் பயணச்சீட்டும் கையில் இருப்பவருக்கான கணக்கு.

இங்கே நம் மார்க்கச் சட்டத்தின் ஒரு நுட்பத்தை நினைவூட்ட விரும்புகிறேன். பயணத்தில் தொழுகையைச் சுருக்குவதற்கு ஹனஃபி சட்ட நூல்கள் சொல்லும் அளவு, நடந்தோ ஒட்டகத்திலோ நடுத்தரமாகச் செல்பவரின் மூன்று நாள் பயணத் தூரம். நம் நாட்டு உலமாக்கள் பலர் அதனை 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் எனக் கணக்கிட்டுள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபின் அளவும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. விரைந்து செல்லும் ஒருவர் அம்மூன்று நாள் தூரத்தை இரண்டே நாளில் கடந்துவிட்டால் என்ன சட்டம்? அப்போதும் அவர் பயணியே, சுருக்கித் தொழவேண்டும் என்று விமானம் கனவில்கூட இல்லாத காலத்திலேயே நம் ஃபுகஹாக்கள் எழுதிவைத்தார்கள். வேகம் கூடியதால் தூரம் குறைந்துவிடாது என்பது அவர்களின் முடிவு. ஆகவே குளிர்ந்த இருக்கையில் சாய்ந்தபடி ஐந்து மணி நேரத்தில் ரியாத் போகிறவரும் முஸாஃபிர்தான்.

ஸுலைமான் (அலை) அவர்களுக்குக் காற்று வசப்படுத்தப்பட்டதை ஸபஃ அத்தியாயத்தின் பன்னிரண்டாம் வசனத்தில் அல்லாஹ் குறிப்பிடும் முறையையும் கவனியுங்கள். அதன் காலைப் பயணம் ஒரு மாதத் தொலைவு, மாலைப் பயணம் ஒரு மாதத் தொலைவு என்ற கருத்தில் அவ்வசனம் அமைந்துள்ளது. ஒரு காலைப்பொழுதில் கடந்துவிட்ட தூரத்துக்கும் சாதாரண மனிதன் நடக்கும் மாதமே அளவுகோலாக நிற்கிறது. காற்றின்மேல் சென்றவருக்கே அப்படி என்றால், விமானத்தில் செல்லும் நாம் அந்த அளவுகோலை மறக்கலாமா?

நம் முன்னோர் மறக்கவில்லை. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். ஹஜ்ஜுக்குப் பம்பாய் சென்று அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பலில் போகும் வழக்கம் 1995 வரை இருந்தது. அவ்வாறு புறப்பட்டவர்கள் கடனை அடைத்து, அண்டை வீட்டாரிடம் பொறுப்புக் கேட்டு, வஸிய்யத்தை எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். பினாங்கில் இருந்த மகனுக்குத் தந்தையின் மரணம் தந்தியாகப் போகும். மகனின் கண்ணீர் கடிதமாக வாரங்கள் கழித்து வரும். மகன் வரும்வரை மையித்தை வைத்திருக்கலாமா என்று அந்தக் காலத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கடல் எவ்வளவு அகலம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கேள்வியே விமானமும் குளிர்ப்பெட்டியும் வந்தபின் பிறந்த கேள்வி.

அது என் வீட்டுக்குள் வந்த நாளைச் சொல்கிறேன்.

2012 ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. சுபுஹுத் தொழுகைக்குப் பின் அத்தா வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். சில மாதங்களாகவே உடல் தளர்ந்திருந்தது. ஆயினும் அன்று என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. என் தம்பி அப்போது ரியாதில் ஒரு நிறுவனத்தில் மின்பணியாளன். இங்கே காலை ஏழு மணி, அங்கே நாலரை. உறக்கத்திலிருந்து எழுந்து என் குரலைக் கேட்டவுடனேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. அழுதான். பிறகு சொன்னான்:

“அண்ணே, அஞ்சு மணி நேரந்தானே. ராத்திரி ஃபிளைட்டப் புடிச்சிடுறேன். நாளைக்கு ஜும்ஆவுக்குள்ள வந்துடுவேன். அத்தாவ வச்சிருங்கண்ணே.”

நான் “பார்ப்போம்” என்றேன்.

அந்நாட்டில் வேலை செய்பவர் ஊர் வந்து திரும்புவதற்கு, திரும்பி நுழையும் உரிமையுடன் கூடிய வெளியேறும் அனுமதி தேவை. அப்போது அது முதலாளியின் வழியாகத்தான் கிடைக்கும். அவனுடைய கடவுச்சீட்டும் நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்தது. அங்கே அந்நாளில் வியாழனும் வெள்ளியும் வார விடுமுறை. வெள்ளி, சனி என்று மாறியது 2013 ஜூனில்தான். அலுவலகம் பூட்டிக்கிடந்தது. பொறுப்பாளர் ஊரில் இல்லை. தம்பி ஒவ்வொருவராக அழைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தான். காலை பத்து மணிக்கு, “ஒருத்தர் பேசுறேன்னு சொல்லியிருக்காருண்ணே” என்றான். பதினொன்றரைக்கு, “இன்னும் ஒண்ணும் தெரியலண்ணே” என்றான்.

இங்கே வீடு நிறைந்துவிட்டது. உறவினர்களில் ஒரு சாரார், “நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு அப்புறம் தொழவச்சா கூட்டமும் சேரும், சின்னவனும் வந்துடுவான்” என்றார்கள். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு நாளுதானே அண்ணே” என்றாள்.

ஜனாஸாவை விரைவுபடுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நல்லடியாராயின் அவரை நன்மையின் பக்கம் விரைந்து கொண்டுசேர்க்கிறீர்கள் என்பது அதன் கருத்து. ஜும்ஆவின் பெருங்கூட்டத்துக்காக ஜனாஸாவைத் தாமதிப்பது மக்ரூஹ் என்று நம் சட்ட நூல்களில் தெளிவாகவே உள்ளது. இவற்றை ஆண்டுதோறும் நான் பாடமாக நடத்துகிறவன். ஆனால் என்னைத் தயங்கவைத்த இன்னொரு மஸ்அலாவும் அதே பாடத்தில் உண்டு. ஹனஃபி மத்ஹபில் வலீ, அதாவது மையித்தின் பொறுப்பாளர், ஜனாஸாத் தொழுகையை நிறைவேற்றிவிட்டால் பிறகு அதை யாரும் மீண்டும் தொழ முடியாது. கண்முன் இல்லாத மையித்துக்குத் தொழும் காயிப் ஜனாஸாவும் நம் மத்ஹபில் இல்லை. அபிசீனிய மன்னர் நஜாஷி இறந்தபோது மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் நான்கு தக்பீர்களுடன் தொழவைத்ததை ஷாஃபிஈ, ஹன்பலி இமாம்கள் எல்லாருக்குமான முன்மாதிரியாகக் கொள்கிறார்கள். நம் இமாம்கள் அதை நபியவர்களுக்கே உரிய தனிச்சிறப்பாகக் கருதுகிறார்கள். ஆக, அன்று மாலை நான் முதல் தக்பீர் சொன்னால், என் தம்பிக்கு அத்தாவின் ஜனாஸாத் தொழுகை என்றென்றைக்கும் மூடிவிடும். அவனும் மகன். அவனும் என்னைப் போலவே வலீ.

லுஹருக்குப் பின் அம்மாவிடம் போனேன். அத்தாவின் கட்டிலருகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். “அம்மா, அஸ்ருக்கு வச்சிக்கலாம்னு இருக்கேன்” என்றேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “செய்யிப்பா. அவங்க யாரையும் காக்கவச்சது இல்ல” என்றார்கள்.

தம்பியை அழைத்துச் சொன்னேன்: “அஸ்ருக்கு அடக்கம்.” மறுமுனையில் எந்தச் சத்தமும் இல்லை. “சரிண்ணே” என்று வைத்துவிட்டான்.

அன்று அஸ்ருக்குப் பின் நானே தொழவைத்தேன். மஃரிபுக்கு முன் அடக்கம் முடிந்தது.

சனிக்கிழமை அலுவலகம் திறந்து அனுமதி கிடைத்து, ஞாயிற்றுக்கிழமை விடியலில் சென்னையில் இறங்கி, நண்பகலில்தான் தம்பி வீடு வந்து சேர்ந்தான். கைப்பேசி காட்டும் ஐந்து மணி நேரம் அவனுக்கு மூன்று நாளுக்கும் மேல் ஆயிற்று. காத்திருந்தாலும் பயன் இருந்திராது என்று எல்லாரும் என்னிடம் சொன்னார்கள். அது உண்மை. ஆனால் வியாழன் மாலை நான் முடிவெடுத்தபோது அந்த உண்மை எனக்குத் தெரியாது. அன்றிரவே அனுமதி கிடைத்திருந்தால் அவன் வெள்ளி நண்பகலில் வந்து நின்றிருப்பான். ஆகவே அந்த ஆறுதல் எனக்கு ஆறுதலாகவில்லை.

வந்தவன் நேரே மையவாடிக்குப் போனான். நானும் கூடப் போனேன். ஈரம் காயாத மண்ணருகே வெகுநேரம் நின்று துஆ செய்தான். திரும்பும் வழியில் கேட்டான்:

“அண்ணே, வியாழக்கிழமை ராத்திரி இஷாவுக்குப் பின்னாடி கேம்ப்ல காயிப் ஜனாஸா தொழுதோம். கூட இருக்குற கேரளாக்காரங்க எல்லாம் ஷாஃபி. ‘உங்க அத்தாவுக்கு நாங்க நிக்கிறோம், நீயும் வா’ன்னு கூப்பிட்டாங்க. முப்பது பேருக்கு மேல நின்னாங்க. நான் தொழுதது கூடுமாண்ணே?”

மதரஸாவில் இக்கேள்விக்கு நான் அரை மணி நேரம் பாடம் நடத்துவேன். அன்று அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: “இமாம்களுக்கு இடையில அதுல கருத்து வேறுபாடு இருக்கு. ஆனா மையித்துக்குக் கேட்கிற துஆ போய்ச் சேரும்கிறதுல வேறுபாடு இல்ல. நீ அத்தாவுக்காகக் கேட்டது வீண்போகாது.” தலையசைத்தான். வீட்டு வாசலை நெருங்கியபோது, தரையைப் பார்த்துக்கொண்டே, “ஒரு நாளு வச்சிருக்கக் கூடாதாண்ணே?” என்றான்.

என்னிடமிருந்து பதில் வருவதற்குள் உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “நாந்தாம்பா சொன்னேன்.”

இத்தாவில் இருந்த என் தாய் எனக்காக அந்தச் சுமையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். உண்மையில் நான் முடிவெடுத்த பிறகே அவர்களிடம் போயிருந்தேன். அதை அன்று நான் திருத்திச் சொல்லவில்லை. தம்பியும் அதன்பின் அதைப் பற்றிப் பேசவில்லை. பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான்.

2019இல் அல்லாஹ் எனக்கு உம்ராவுக்கு வழி திறந்தான். அதுவே என் முதல் விமானப் பயணம். சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு ஆறு மணி நேரம். முன்னிருக்கையின் முதுகில் ஒரு சிறு திரை. அதில் ஒரு வரைபடம், ஒரு கோடு, கோட்டின் மேல் ஊரும் சிறு விமானம். சேரவேண்டிய இடம் இன்னும் இத்தனை கிலோமீட்டர், இன்னும் இத்தனை நேரம் என்று எண்கள் குறைந்துகொண்டே இருந்தன. அரபிக் கடலின்மேல் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தம்பி எப்போதோ போகிறபோக்கில் சொன்ன ஒரு சொல் நினைவுக்கு வந்தது. “வர்றப்ப தூங்கவே இல்லண்ணே, அந்தத் திரையத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்.”

எதிர்த் திசையில், அத்தா அடக்கமாகி மூன்றாம் நாள், அவன் பார்த்துவந்த எண்கள் அவை. எனக்கு முன்னால் எண்கள் குறையக் குறைய ஹரம் நெருங்கியது. அவனுக்கு முன்னால் எண்கள் குறையக் குறைய, எதற்காகப் புறப்பட்டானோ அது முடிந்துபோன வீடு நெருங்கியது. அந்த இருக்கையில் உட்கார்ந்தபோதுதான் அந்தத் தூரம் எனக்குப் புரிந்தது.

சற்று நேரத்தில் மீகாத் எல்லை நெருங்குகிறது, இஹ்ராமின் நிய்யத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்தது. அந்த வேகத்தில் விமானம் அவ்வெல்லையை நொடிகளில் கடந்துவிடும். அதனால் அது எல்லை இல்லை என்று ஆகிவிடுமா? கால்நடையாக வருபவர் நின்று இறங்கும் அதே இடத்தின் மதிப்பு வானத்திலும் அப்படியே நிற்கிறது. விரைவாகக் கடக்கிறோம் என்பதற்காக நிய்யத் இல்லாமல் கடந்துவிட முடியாது. தல்பியா சொல்லிக்கொண்டே நான் என்னையே கேட்டுக்கொண்டேன்: 2012இல் நான் எதை நிற்காமல் கடந்தேன்?

பதில் மக்காவில் கிடைத்தது. அத்தாவை அன்றே அடக்கியது தவறன்று; இன்றும் என்னிடம் மஸ்அலா கேட்டால் அதையே சொல்வேன். தவறு வேறிடத்தில் இருந்தது. தம்பியும் வலீ என்பதை நான் மனத்துக்குள் கணக்கிட்டேனே தவிர, அவனிடம் கேட்கவில்லை. சம உறவினர் இருவரில் மூத்தவருக்கே முன்னுரிமை என்ற சட்டம் என் பக்கம் இருந்தது. அதன் பின்னால் நின்றுகொண்டேன். “அஸ்ருக்கு அடக்கம்” என்று அவனுக்கு அறிவித்தேன். “தம்பி, மார்க்கம் இப்படிச் சொல்கிறது, உன் சம்மதம் வேண்டும்” என்று கேட்க ஒரு நிமிடம் போதும். அவன் உடல் வந்துசேர மூன்று நாள் ஆயிற்று. குரல் வந்துசேர ஒரு நொடிகூட ஆகாது. தூரத்தைக் கடக்க அல்லாஹ் தந்திருந்த அந்த ஒரு வழியை நான் பயன்படுத்தவில்லை. ஊரார் முன்னிலையில் சட்டம் தவறாத ஆலிமாக நிற்கவேண்டும் என்ற எண்ணமும் அதில் கலந்திருந்ததா என்று என்னைக் கேட்டுக்கொண்டேன். இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. அல்லாஹ் மன்னிப்பானாக.

ஹரமிலிருந்தே அவனுக்கு அழைத்தேன். அதே நாடு, அவன் ரியாதில், நான் மக்காவில். “அன்னிக்கு நான் உன்னைக் கேட்டிருக்கணும் தம்பி. அம்மா சொன்னது நான் முடிவெடுத்ததுக்கு அப்புறம்தான்” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான்: “கேட்டிருந்தா, அடக்கம் பண்ணிடுங்கன்னுதாண்ணே நானும் சொல்லியிருப்பேன்.”

ஏழு ஆண்டுகள் அவன் சுமந்தது அதுதான். அத்தாவைத் தான் வருமுன் அடக்கியதை அவன் ஏற்கெனவே பொறுத்துக்கொண்டிருந்தான். தன்னைக் கேட்கவில்லை என்பதே அவனுக்குள் நின்றிருந்தது.

வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்லிக்கொள்கிறேன். மரணத்தைப் பற்றிப் பேசுவதை அபசகுனமாக நினைக்காதீர்கள். வஸிய்யத் நமக்கு வழிகாட்டப்பட்ட நெறி. பெற்றோர் உடல்நலத்தோடு இருக்கும்போதே, “எனக்கு ஒன்று நேர்ந்தால் யாருக்காகவும் தாமதிக்க வேண்டாம்” என்று பிள்ளைகள் எல்லாரும் கேட்கும்படி, தொலைவில் இருப்பவனையும் கைப்பேசியில் இணைத்துக்கொண்டு, சொல்லிவையுங்கள். பிறகு பிள்ளைகளுக்கு இடையே வழக்கு வராது. அந்த நாள் வந்துவிட்டால், தொலைவில் இருப்பவனிடம் கேட்டு முடிவெடுங்கள். அவன் பெரும்பாலும் மார்க்கத்தின் பக்கமே நிற்பான். நிற்பதற்கு அவனுக்கு ஒரு வாய்ப்புத் தாருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: கடவுச்சீட்டு எங்கே இருக்கிறது, அவசரத்துக்கு யாரை அழைக்கவேண்டும், வெளியேறும் அனுமதி எப்படிக் கிடைக்கும் என்பதை இன்றே தெரிந்துவையுங்கள். சவூதியில் 2021 மார்ச்சுக்குப் பிறகு தனியார் நிறுவனத் தொழிலாளர்கள் பலர் இந்த அனுமதிக்குத் தாமே இணையவழியில் விண்ணப்பிக்கலாம். வீட்டுப் பணியாளர்கள், வீட்டு ஓட்டுநர்கள், தோட்டத் தொழிலாளர்கள் போன்றோர் அந்தச் சீர்திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை. உங்கள் நிலை எது என்று அறிந்துகொள்ளுங்கள். இத்தனைக்குப் பிறகும் வர முடியாமல் போனால், உங்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். மனிதன் இறந்தபின் அவன் செயல்கள் நின்றுவிட்டாலும், நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, அவனுக்காகத் துஆ செய்யும் நல்ல பிள்ளை ஆகிய மூன்றும் தொடரும் என்பது முஸ்லிமில் வரும் நபிமொழியின் கருத்து. அந்தத் துஆவுக்கு விமானச் சீட்டு வேண்டியதில்லை. பயணியின் துஆவோ ஏற்கப்படும் துஆக்களில் ஒன்றாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

அங்கேயே மௌத்தாகி அங்கேயே அடக்கமாகிறவர்களின் வீட்டாருக்கும் ஒரு சொல். பிறந்த ஊரை விட்டு வேறிடத்தில் இறக்கும் ஒருவருக்கு, பிறந்த இடத்திலிருந்து அவருடைய காலடி முடிந்த இடம்வரை உள்ள தூரம் சுவனத்தில் அளந்து கொடுக்கப்படும் என்ற கருத்தில் நஸாஈயிலும் இப்னு மாஜாவிலும் ஒரு ஹதீஸ் உண்டு. நாம் பிரிவாக மட்டுமே எண்ணிய கிலோமீட்டர்களை அல்லாஹ் வேறு கணக்கில் எழுதிவைத்திருக்கிறான். அந்தக் கணக்கில் விமானத்தின் வேகம் எதையும் குறைப்பதில்லை.

அந்தச் சிறுவனை மறுநாளே அழைத்து உட்காரவைத்தேன். உருண்டை வரைபடத்தை எடுத்து, சென்னையிலிருந்து ரியாத் வரை நூலை வைத்துக் காட்டினேன். “நீ சொன்ன அஞ்சு மணி நேரம் விமானத்துக்கு. உங்க அத்தாவுக்கு இது ரொம்ப தூரம். அந்தத் தூரத்துல இருந்துதான் உன் ஃபீஸும் துணிமணியும் வருது. அவங்க வரல, வரணும்னு நெனச்சிக்கிட்டுதான் இருக்காங்க” என்றேன். நூலைத் தன் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தான். அவன் தந்தைக்கு நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதையும், இரவு எத்தனை மணிக்கு அழைத்தால் அவர் வேலை முடித்து அறையில் இருப்பார் என்பதையும் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். “எப்ப வருவீங்கன்னு மட்டும் கேக்காத. இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்கன்னு கேளு” என்று சொல்லி அனுப்பினேன்.

யா அல்லாஹ்! எங்களில் தொலைவில் இருப்போரைப் பாதுகாப்பாயாக. அவர்கள் திரும்பும் வழிகளை எளிதாக்குவாயாக. எங்களை முந்திச் சென்றவர்களின் கபுறுகளை ஒளியாக்குவாயாக. அருகில் இருந்தும் நாங்கள் கேட்கத் தவறிய சொற்களுக்காக எங்களை மன்னிப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.